பிடிக்கக் கூடாத கம்பி

லென் டகெட்டுக்கு இடது இடுப்பில் புது மூட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, பெரியாஸ்பத்திரியில் நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஓர் அட்டைப்பெட்டியையும் கூடவே கொடுத்தனுப்பினாள். உள்ளே வெள்ளைப் பூச்சு பூசிய கைப்பிடிக் கம்பி ஒன்றும் நாலு திருகாணிகளும் இருந்தன. வாசற்படி ஓரமாக இதை முடுக்கிவிட வேண்டும், பத்து நிமிட வேலை, அதுவரைக்கும் இவர் தனியாகப் படி இறங்கக் கூடாது என்றாள். லென்னின் மனைவி மேவிஸ், "பத்து நிமிஷம்தானே, இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றாள். அது பிப்ரவரி மாதம்.

அவர்கள் குடியிருந்தது மச் கெல்டர் ஊரின் தருமக் குடில்களில் மூன்றாம் எண் வீடு. 1623-ல் கெல்டர் மாளிகைச் சீமாட்டி ஒருத்தி, வயதாகி நடமாட முடியாமல் போன ஊர்க்காரர்களுக்காகக் கட்டிவிட்ட ஆறு வீடுகள், ஒரே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் தெருவில் இறங்க மூன்று கற்படிகள். 'இவ்வூர் முடவருக்கும் முதியவருக்கும்' என்று வரிசையின் நடுவில் கல்லில் வெட்டியிருந்தது. லென் முப்பத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியவர். மேவிஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். ஓய்வுக்குப் பிறகு அவர்களுக்கு இங்கே இடம் கிடைத்தபோது, இருவரும் தங்களை அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் நினைத்தார்கள்.

மாளிகையும் குடில்களும் இப்போது மாவட்டப் பாரம்பரியக் கட்டடப் பேரவையின் பொறுப்பில் இருந்தன. பேரவை ஒரு கையேடு போட்டிருந்தது: நம் மாவட்டத்தில் பார்த்தே ஆக வேண்டிய பன்னிரண்டு கட்டடங்கள். மாளிகைக்கு முதலிடம். மாளிகையின் புறாக்கூண்டுக்கு ஐந்தாம் இடம். தருமக் குடில்களுக்கு ஏழாம் இடம்.

"புறாவுக்கும் கீழதான் நாம" என்பார் லென்.

ஐந்தாம் எண் வீட்டு ஐட்ரிஸ் புரோசர் பழைய டிராக்டர் மெக்கானிக். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தாலும் கை இன்னும் வேலைக்குத் துடித்துக்கொண்டிருந்தது. கம்பி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் துளைபோடும் கருவியோடு வந்துவிட்டார். கருவியைக் கல்லில் வைத்து அழுத்தப் போகிற நேரத்தில் பேரவையின் பச்சை வண்டி வந்து நின்றது. மிஸ் தோர்ப் இறங்கினாள். பேரவையின் வரலாற்றுத் தோற்ற அலுவலர். நாற்பது வயதிருக்கும்; நல்ல மழைக்கோட்டு; கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது.

"அதைக் கீழ வைங்க ஐயா. மெதுவா. கல்லுல படாம."

ஐட்ரிஸ் கீழே வைத்தார். மிஸ் தோர்ப் ஈரத்தரையில் மண்டியிட்டு இரண்டாம் படியின் நடுவில் விழுந்திருந்த பள்ளத்தைக் கையுறை போட்ட விரலால் தடவினாள்.

"இந்தத் தேய்மானத்தைப் பார்த்தீங்களா? நானூறு வருஷம் மனுஷங்க கால் பட்டுப் பட்டு வந்தது. இதுக்குப் பக்கத்துல ஓட்டை போடப் பாத்தீங்களே."

"அதுல ரெண்டு கால் என் வீட்டுக்காரரோடதுதான்" என்றாள் மேவிஸ். "அந்தக் கால்தான் இப்ப சரியில்ல. அதுக்குத்தான் கம்பி."

"1950-க்கு அப்புறம் தேஞ்சதை நாங்க சேர்க்கிறதில்ல மிஸஸ் டகெட். அது வரலாறு இல்ல. வெறும் சேதம்."

விண்ணப்பம் கொடுக்கலாம் என்று சொல்லி, முப்பத்தொரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். பதினான்காம் கேள்வி, 'இந்த மாற்றம் இல்லாமல் முந்தைய குடியிருப்பாளர்கள் எவ்வாறு சமாளித்தனர்?' மேவிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து, 'தெரியாது, அவர்கள் செத்துப்போய்விட்டார்கள்' என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. இறந்த தேதிகளையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

மார்ச்சில் நிழல் ஆய்வு நடந்தது. இல்லாத கம்பியின் நிழல் படியில் எப்படி விழும் என்று கண்டுபிடிக்க, ஒருவர் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மேவிஸ் அவருக்கு மூன்று முறை தேநீர் கொடுத்தாள். அன்று வெயிலே அடிக்கவில்லை. ஏப்ரலில் மறுபடி வந்தார்.

இதற்கிடையில் லென் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை மதுக்கடைக்குச் சைடர் குடிக்கப் போகிற வழக்கம் நின்றது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவர் போட்ட பீன்ஸ் தோட்டத்தில் களை மண்டியது. தேவாலயத்துக்குப் போய்வந்த மேவிஸிடம் பழைய ஆட்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரிப்பார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். தெருவும் அவரைப் பார்த்தது. கையேட்டோடு வந்தவர்கள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு எட்டிப்பார்த்தார்கள். சிலர் கையசைத்தார்கள். லென்னும் மரியாதைக்குத் திருப்பி அசைத்தார். அதன்பின் அதிகம் பேர் வந்தார்கள்.

மே மாதம் மிஸ் தோர்ப் நேரில் வந்து பாராட்டினாள்.

"உங்க ஜன்னலுக்கு ரொம்ப நல்ல வரவேற்பு மிஸ்டர் டகெட். ஒரே ஒரு சின்ன விஷயம். பின்னால அந்த டிவி தெரியுது. அதை நகர்த்த முடியுமா? அப்புறம் நீங்க புகைக்குழாய் பிடிப்பீங்களா?"

"இல்லையேம்மா. நெஞ்சுக்கு ஒத்துக்காது."

"பத்த வைக்க வேணாம். சும்மா வாயில வச்சிருந்தாப் போதும்."

லென் கோபப்படத் தெரியாத மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவள் போன பிறகு மேவிஸ் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அன்று மாலையே பேரவையிலிருந்து தகவல் வந்தது: அந்தத் திரைச்சீலையின் நிறம் அந்தக் காலத்துக்கு உரியதல்ல.

ஜூனில் விசாரணைக்கு அழைத்தார்கள். லென்னால் வர முடியாது, படி இறங்கக் கம்பி இல்லை என்று மேவிஸ் எழுதினாள். விண்ணப்பதாரர் வராததைக் குறித்துக்கொண்டதாகப் பதில் வந்தது. மேவிஸ் தன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக மாளிகைக்குப் போனாள்.

மாளிகையின் பெரிய கூடத்தில் நுழையும் எல்லோருக்கும் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். தரைப் பலகைக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக. நீள மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பக்கத்தில் பேரவையின் இயக்குநர் லயனல் ஃபாதரிங். வெள்ளி முடி, மெல்லிய குரல், எதைச் சொல்லும்போதும் பாதிக் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து, அந்த வருடம் மாவட்டத்தில் இடிந்த கட்டடங்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். ஒரு மாட்டுக்கொட்டகையும் இரண்டு புகைபோக்கிகளும். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேசையின் மறுகோடியில் உயரமான நாற்காலி ஒன்றில் ஓய்வு பெற்ற கர்னல் பிளைத் உட்கார்ந்திருந்தார். அவர் இங்கே கர்னல் அல்ல என்று மேவிஸுக்கு விளக்கினார்கள். அவர் கட்டடத்தின் குரல். எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதன் சார்பில் அவர்தான் பேசுவார்.

"நான் மச் கெல்டர் தருமக் குடில்கள்" என்று கர்னல் தொடங்கினார். "நானூறு வருஷமா நிக்கிறேன். மழையில நின்னேன், பனியில நின்னேன். என்னைக் கேக்காம என் மேல ஓட்டை போட வர்றாங்க. எனக்கு வலிக்காதா?"

சுற்றிலும் தலைகள் வருத்தத்தோடு ஆடின. மேவிஸ் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் கர்னலைப் பார்த்தே பேசினாள்.

"நீங்க நிக்கிறீங்க. அவரால நிக்க முடியல. நாலே நாலு திருகாணி. நூத்தி இருபது நாளா அவர் வெளிக்காத்து வாங்கல. வாசல்ல கல்லுலயே வெட்டியிருக்கே, முடவருக்கும் முதியவருக்கும்னு."

"அழகான எழுத்து" என்றார் இயக்குநர், பாதிக் கண்ணை மூடியபடி. "அந்த எழுத்தோட வடிவத்தைத்தான் நாங்க பாதுகாக்கிறோம் மிஸஸ் டகெட். அர்த்தத்தைப் பாதுகாக்கிறதா எங்க சாசனத்துல எங்கயும் இல்ல."

பிறகு அவர் எழுந்து நின்று பேசினார். அவர் பேசினால் மற்ற எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"உங்க வீட்டுக்காரர் மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அவருக்கு வயசு எழுபத்தொண்ணு. படிக்கு நானூறு. பெரியவங்களுக்கு விட்டுக்கொடுக்கணும் இல்லையா? மூணாம் எண் வீட்டுல இதுவரைக்கும் இருபத்தாறு பேர் குடியிருந்து போய்ச் சேர்ந்துட்டாங்க. பதிவேடு இருக்கு. அதுல ஒருத்தர் போனதால கூட கட்டடத்துக்கு எந்தப் பாதிப்பும் வந்ததில்ல. நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல. கல்லோட பக்கம் நிக்கிறவங்க, அவ்வளவுதான்."

கை தட்டினார்கள். கம்பளிச் செருப்புக்குள் பாதங்களால் தரையையும் மெல்லத் தட்டினார்கள்.

முடிவு இதுதான்: உடனே மறுப்பதில்லை. முதலில் தொண்ணூறு நாளைக்கு ஒரு மாதிரிக் கம்பியை வைத்துத் தோற்றம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. மேவிஸ் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கம்பி வருகிறது என்று லென்னிடம் போய்ச் சொன்னாள். அன்று இருவரும் ஒரு பாட்டில் சைடரைத் திறந்தார்கள்.

ஜூலையில் கம்பி வந்தது. அது அட்டையில் செய்தது. நகரத்தில் நாடகத் திரை வரைகிற ஒருவர் மெழுகு பூசி, கறுப்பு வண்ணம் அடித்து, இங்கே அங்கே துருக்கூடத் தீட்டியிருந்தார். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் அசல் இரும்பு. கல்லில் ஓட்டை போடாமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் கால்சட்டைப் பித்தான் அளவு எழுத்தில் ஓர் அட்டை: பிடிக்கக் கூடாது.

"இது எதுக்கும்மா?" என்று மேவிஸ் கேட்டாள்.

"பார்க்கிறதுக்கு" என்றாள் மிஸ் தோர்ப்.

ஐட்ரிஸ் அதைச் சுண்டிப்பார்த்தார். டப் என்று சத்தம் வந்தது. "ஏன்டா லென், இதுல ஈ உக்காந்தாலும் விழுந்துடும்டா" என்றார்.

மேவிஸுக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. லென் அறுபது வருடமாகப் படியேறி இறங்கிய மனிதர்; கம்பி என்று கண்ணுக்குத் தெரிந்தால் கை தானாகப் போகும். பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து அந்த அட்டைக் கம்பி முழுக்கச் சுற்றிக் கட்டினாள். மறுநாள் மிஸ் தோர்ப் வந்து அதைப் பொறுமையாக அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றி மேவிஸின் கையில் கொடுத்தாள். "தோற்றத்தைக் கெடுக்குது. ஆய்வு முடிவு தப்பாயிடும்." மேவிஸ் மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தார்கள். மூன்றாம் முறை கட்டியபோது, குடியிருப்பு ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ் அவர்களை வெளியேற்றலாம் என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் வந்தது. அதற்கு மேல் அவள் கட்டவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பை வண்டி வருகிற நாள். மேவிஸ் லென்னின் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருமுன் வண்டி போய்விடும் என்று லென்னுக்குத் தோன்றியது. ஆறு மாதமாக எல்லா வேலையையும் அவளே செய்கிறாளே என்கிற உறுத்தல் வேறு. பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். முதற்படியில் வழுக்கியது. கை தானாகப் போனது.

மேவிஸ் தெருமுனையில் திரும்பும்போது ஐட்ரிஸ் தன் கோட்டைக் கழற்றி லென்னின் தலைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். லென்னின் வலது கையில் அட்டைக் கம்பியின் ஒரு முழத் துண்டு இன்னும் இருந்தது. முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"குப்பை வண்டி போயிடுச்சா மேவ்?" என்றார்.

"பேசாத. பேசாம படு."

பச்சை வண்டி ஆம்புலன்சுக்கு முன்னால் வந்தது. மிஸ் தோர்ப் ஓடிவந்து மண்டியிட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். "கடவுளே, நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று பெருமூச்சு விட்டாள். அந்த வார்த்தையில் மேவிஸுக்கு உயிர் திரும்பி வந்தது. இவளுக்கு வைத்தியமும் தெரியும் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள். பிறகுதான் மிஸ் தோர்ப்பின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். இரண்டாம் படியின் விளிம்பில் இருந்தது.

"கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கு" என்றாள் மிஸ் தோர்ப். "சோப்பு போட்டுடாதீங்க. நாங்களே ஆள் அனுப்பறோம்."

மேவிஸ் தன் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. அதற்காகப் பின்னால் பல நாள் வருத்தப்பட்டாள்.

லென்னுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. புது மூட்டுக்குக் கீழே தொடை எலும்பில் விரிசல். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பிறகு, வாசலில் பிடிமானம் இல்லாத வீட்டுக்கு இவரை அனுப்ப முடியாது என்று சொல்லி, பதினைந்து மைல் தள்ளி ஒரு முதியோர் விடுதியில் படுக்க வைத்தார்கள். மேவிஸ் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். லென் அங்கேயும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். கையசைக்க யாரும் இல்லை.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா மேவ்?" என்று ஒரு நாள் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நம்புகிற குழந்தையின் குரலில் கேட்டார். அவள் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் இயக்குநர் ஃபாதரிங் வீட்டுக்கே வந்தார். கையில் பூங்கொத்து. கூடவே மிஸ் தோர்ப், கையில் அளவுநாடா.

"நடந்தது ரொம்ப வருத்தமானது" என்றார் இயக்குநர், லென்னின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "ஆனா ஆய்வு ரொம்பப் பயனுள்ளதா அமைஞ்சது. கம்பி இருந்தா மக்கள் அதைப் பிடிப்பாங்கன்னு இப்ப நிரூபணமாயிடுச்சு. அதனால விண்ணப்பத்தை நிராகரிக்கிறோம்."

மேவிஸ் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு யோசனையும் இருக்கு. மிஸ்டர் டகெட் இனி திரும்பறது சந்தேகம்தான். இந்த அறையை இப்படியே, அவர் நாற்காலி, அவர் மூக்குக்கண்ணாடி எல்லாத்தோடயும், மக்கள் பார்வைக்குத் திறக்கலாம்னு நினைக்கிறோம். ஓர் எளிய முதியவரின் வாழ்க்கை. நீங்க மாடியில இருக்கலாம். அந்தக் காலத்து உடுப்புப் போட்டுக்கிட்டு விளக்கமும் சொல்லலாம். அவரைப் பத்தி உங்களை விட யாருக்குத் தெரியும்?"

மிஸ் தோர்ப் நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். இயக்குநர் அளப்பதற்கு வசதியாகக் கையைத் தூக்கிக்கொண்டார்.

"அவர் உயிரோட இருக்காரு" என்றாள் மேவிஸ்.

"தெரியும் தெரியும். அவசரம் இல்ல" என்றார் இயக்குநர்.

சம்மதமா இல்லையா என்பதை எழுத்தில் தரச் சொன்னார்கள். மேவிஸ் 'சம்மதமில்லை' என்று ஒரே வரி எழுதி, தபாலில் போட மனமில்லாமல், கையிலேயே கொடுக்க மாளிகைக்கு நடந்தாள். அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஒரு நீண்ட காட்சிக்கூடம். இத்தனை நாளில் அவள் அதற்குள் நின்று பார்த்ததில்லை. அன்று அலுவலகம் பூட்டியிருந்ததால் நின்றாள். உடைந்த கோப்பைகள், ஆணிகள், ஒரு குதிரை லாடம். கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணி மேல் ஓர் இரும்புத் தடி. இரண்டு முனையும் கீழ்நோக்கி வளைந்து, நுனியில் ஈயம் ஒட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: 'இரும்புப் பொருள், பதினேழாம் நூற்றாண்டு. தருமக் குடில்களைச் சீரமைத்தபோது அகற்றப்பட்டது. பயன் தெரியவில்லை. சடங்குக்குரியதாக இருக்கலாம்.'

தடியின் மேற்பக்கம் வழவழவென்று பளபளத்தது. முப்பது வருடம் பள்ளிக்கூட அண்டாக்களின் கைப்பிடியைப் பிடித்தவளுக்கு அந்தப் பளபளப்பு எதனால் வருகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து படியின் ஓரத்தில் பாசியைச் சுரண்டினாள். மேற்படியில் ஒன்று, கீழ்ப்படியில் ஒன்று, சிமெண்ட் வைத்து அடைத்த இரண்டு வட்டக் குழிகள். கம்பளி நூலை எடுத்து இரண்டுக்கும் இடையே பிடித்து முடிச்சுப் போட்டாள். மறுநாள் மாளிகைக்குப் போய்க் கண்ணாடி மேல் நூலை வைத்துப் பார்த்தாள். முடிச்சுக்கு முடிச்சு சரியாக இருந்தது.

இயக்குநர் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். உண்மையிலேயே மகிழ்ந்துபோனார்.

"அப்ப அது கைப்பிடியா. அருமையான கண்டுபிடிப்பு. சீட்டை மாத்தி எழுதச் சொல்றேன்."

"சீட்டு வேணாம். கம்பியைக் குடுங்க. அது எங்க வாசல்ல இருந்தது."

"அது இப்ப அருங்காட்சியகப் பொருள் மிஸஸ் டகெட். கைபட்டா வியர்வை, எண்ணெய், துரு. நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு உண்மையைச் சொல்றேன். எந்தப் பொருளையும் யாருக்காகச் செஞ்சாங்களோ, அவங்கதான் அதுக்கு முதல் எதிரி. நாற்காலிக்கு உக்கார்றவன். புத்தகத்துக்குப் படிக்கிறவன். வீட்டுக்குக் குடியிருக்கிறவன். அவங்களையெல்லாம் கொஞ்சம் தள்ளி வச்சாத்தான் எதையும் காப்பாத்த முடியும்."

மேவிஸ் எழுந்தாள். வழக்கமாக நன்றி சொல்லிவிட்டுத்தான் எந்த அறையை விட்டும் போவாள். அன்று சொல்லவில்லை.

செப்டம்பரில் பேரவையின் திறந்த வாசல் நாள். மாவட்டம் முழுக்க எல்லாக் கட்டடங்களும் எல்லோருக்கும் திறந்திருக்கும். மாளிகை வாசலில் கூட்டம் வளைந்து வளைந்து நின்றது. காலை பதினோரு மணிக்கு மேவிஸும் ஐட்ரிஸும் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குள் போனார்கள். ஐட்ரிஸ் கருவிப் பையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார். சுற்றி நாற்பது பேர் கூடினார்கள். ஏதோ செய்முறை விளக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"என்ன செய்றீங்க?" என்று ஒரு பெண்மணி ஆர்வமாகக் கேட்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம்" என்றாள் மேவிஸ்.

ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். கனமாக இருந்தது. பேரவையின் தொண்டர் ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள். கூட்டத்தில் பாதி பின்னாலேயே வந்தது. மாளிகையிலிருந்து குடில்கள் வரை அரை மைல். ஐட்ரிஸின் முழங்கால் வலித்து மூன்று இடத்தில் நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் கூட்டமும் நின்றது. இரண்டாம் நிறுத்தத்தில் மேவிஸ் அவர்களிடம் நடந்ததைச் சொன்னாள். மிகையாக எதையும் சேர்க்கவில்லை. அட்டைக் கம்பியையும், சிவப்பு நூலையும், படியில் பட்ட ரத்தத்தையும் மட்டும் சொன்னாள். அதன் பிறகு யாரும் கைதட்டவில்லை. தோள் அகலமான ஒருவர் வந்து ஐட்ரிஸின் முனையை வாங்கிக்கொண்டார்.

ஐட்ரிஸ் குழியிலிருந்த சிமெண்டை உளியால் தட்டி எடுத்தார். அடியில், அந்தக் காலத்தில் கம்பியை இறுக்க ஊற்றிய ஈயம் அப்படியே இருந்தது. கம்பியை இறக்கியதும் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சாந்து வைத்து இறுக்கி முடிக்கும்போது இயக்குநரும் மிஸ் தோர்ப்பும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள்.

"அதை உடனே எடுங்க" என்றார் இயக்குநர்.

மேவிஸ் மேற்படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்கணும்னா கல்லைத் தட்டணும்" என்றாள். "அதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா? முப்பத்தொரு பக்கம். நான் வேணும்னா எழுத உதவி பண்றேன். பதினாலாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம்."

இயக்குநர் மிஸ் தோர்ப்பைப் பார்த்தார். அவள் குனிந்து ஈயத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "சார், இது மூல இடம். மூல இடத்துல இருக்கிற பொருளை அகற்றக் கூடாதுன்னு நம்ம விதி."

கூட்டம் நூறைத் தாண்டியிருந்தது. பலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இயக்குநர் பாதிக் கண்ணை மூடினார். திறந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நண்பர்களே, பல வருஷ ஆய்வுக்கு அப்புறம், தருமக் குடில்களோட மூலக் கைப்பிடியை அதன் சொந்த இடத்துக்கே பேரவை இன்னைக்குத் திருப்பித் தருது. மனிதர்கள்தான் எப்பவும் எங்க முதல் அக்கறை."

ஐட்ரிஸ் உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "இந்த ஆளை நானே தள்ளிவிடட்டுமா மேவிஸ்? படி ஈரமாத்தான் இருக்கு" என்றார். மேவிஸ் வேண்டாம் என்றாள்.

அக்டோபர் முதல் வாரம் லென் வீட்டுக்கு வந்தார். வண்டியிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டார். உள்ளே போவார் என்று மேவிஸ் கதவைத் திறந்தாள். அவர் திரும்பி மறுபடி மூன்று படியும் இறங்கினார். தெருவைத் தாண்டித் தன் பீன்ஸ் தோட்டத்தின் ஓரம் வரை போய், களையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் இனி எப்போதும் அவருக்கு இரண்டு ஊன்றுகோல் வேண்டும். பிப்ரவரியில் அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் ஒன்றுகூட வேண்டியிருந்திருக்காது. இதை மேவிஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் பேரவையின் கடிதம் வந்தது. மேவிஸ் வாசலில் நின்றே உறையைப் பிரித்தாள். லென் கீழ்ப்படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஐட்ரிஸ் பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்றாம் எண் வீட்டு ஜன்னல் பாதி திறந்திருந்தது. அங்கே ஆல்வென் ப்யூ இருந்தாள், தொண்ணூற்றோரு வயது. இரண்டு குளிர்காலமாகப் படி இறங்காதவள்.

"சத்தமா படிம்மா. எனக்கும் கேக்கட்டும்" என்றாள் ஆல்வென்.

மேவிஸ் படித்தாள். கம்பியைப் பிடிக்கும்போது பருத்திக் கையுறை அணிய வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடித்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். லென் சிரித்தார். மேவிஸ் அடுத்த பத்தியைத் தனக்குள்ளேயே படித்தாள். பிறகு, வார்த்தை வார்த்தையாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"'இப்பொருள் எங்கள் பதிவேட்டில் நாற்பத்தொன்று, மூன்று என்ற எண் கொண்டது. இதே தொகுதியைச் சேர்ந்த மற்ற ஐந்தும், அதாவது ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை, மாளிகையின் நிலவறையில் யார் கையும் படாமல் மிகப் பாதுகாப்பாக உள்ளன என்பதைத் தெரிவிப்பதில் பெருமை கொள்கிறோம்.'"

ஐட்ரிஸ் தன் வீட்டு வாசற்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மேவிஸ் உள்ளே போய் நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

"உளி கூர்மையா இருக்கா ஐட்ரிஸ்?"

"இருக்கு."

"இன்னைக்கு முதல்ல எதை எடுக்கிறது?"

ஒன்றாம் எண் வீட்டு ஜன்னல் முழுதும் திறந்தது.

"என்னோடது ஒண்ணாம் நம்பர்" என்றாள் ஆல்வென் ப்யூ.